எங்கன நின்னு எடுத்தீக?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்போம். ஒருவர் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருப்பார், முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒருவர் வாத்தியார். இன்னொருவர் கலர் லேப் வைத்திருந்து, அதை மூடிவிட்டு, அதே கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வருகிற தம்பி ஒருவன் உண்டு, பால்கோவா வியாபாரக் குடும்பம். யாருக்கும் இந்தப் படமெடுப்பில் பத்துப் பைசா வரும்படி கிடையாது. செலவு உண்டு. அதற்கு வீட்டில் பேச்சும் உண்டு.

டீ வருவதற்குள் கேமராக்கள் கைமாறும். முதுகுத்திரையில் வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது என்பதால் ஆளுக்கொரு கையைக் கூரையாகக் கவித்து, நாலு தலையும் முட்டிக்கொண்டு பார்ப்போம். எதிர்ச்சாரியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ சீட்டாட்டம் நடக்கிற மாதிரி இருக்கும்.

முதலில் விழுகிற கேள்வி, "என்ன லென்ஸ்?"

"அம்பதுதாண்ணே. ஒன் பாயிண்ட் எய்ட்."

"ஐஎஸ்ஓ?"

"எண்ணூறு."

"ம்."

வெளியாட்கள் கேட்டால் இதுகளுக்கு மெஷினைத் தவிர வேறு பேச்சே இல்லையா என்று தோன்றும். "சாப்டாச்சா?" என்று கேட்பவருக்கு நம் வயிற்றைப் பற்றி உண்மையில் என்ன அக்கறை? கேட்காமல் இருந்தால்தான் குறை. லென்ஸ் கேள்வியும் அந்த வகைதான். பதிலை யாரும் மனசில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரு மிடறு டீ உள்ளே போன பிறகு, குரல் கொஞ்சம் தாழ்ந்து, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, நிஜமான கேள்வி வரும்:

"எங்கன நின்னு எடுத்தீக?"

முப்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டும் கேட்கப்பட்டும் வருகிறேன். விவரம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி என்று ஒரு காலத்தில் நினைத்தேன். புத்தகங்கள் சட்டர், அப்பர்ச்சர், கம்போஸிஷன் என்று பேசுகின்றன, இவர்கள் இடத்தைக் கேட்கிறார்களே என்று. இப்போது அந்தப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு நிலை, 192 அடி. மலை அதற்கு மேற்கே எட்டுப் பத்துக் கிலோமீட்டரில் தொடங்குகிறது. கோபுரத்துக்கு நூறு மீட்டர் கிழக்கே நின்று அண்ணாந்து எடுத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒன்று இருக்கிற சுவடே படத்தில் இருக்காது. கொஞ்சம் பின்னால் போனால் மலை கோபுரத்தின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு கிலோமீட்டர் கிழக்கே போய் வயக்காட்டு வரப்பில் நின்று பெரிய லென்ஸைப் போட்டால் கோபுரம் மலையின் மடியில் உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் "டெலி லென்ஸ் மலையை இழுத்துக்கிட்டு வந்துருச்சுண்ணே" என்பார்கள். லென்ஸ் எதையும் இழுப்பதில்லை. நாம் பின்னால் போனதில் கோபுரம் இருபது மடங்கு சிறுத்துப்போனது, மலை அப்படிச் சிறுக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதே வரப்பில் நின்று செல்போனில் எடுத்து, அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் கோபுரத்துக்கும் மலைக்கும் உள்ள கணக்கு மாறாது. படம் பொரிபொரியாக இருக்கும், அது வேறு விஷயம். எது பெரிசு, எது சிறிசு, எதற்குப் பின்னால் எது என்பதையெல்லாம் கால்தான் முடிவு செய்கிறது. ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸ் அதில் கைவைக்க முடியாது.

வாத்தியார் ஒருநாள் நிலாவுக்குக் கணக்குப் போட்டார், டீக்கடைப் பேப்பரின் ஓரத்தில். நாம் நிற்கிற தூரத்தில் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு அகலத்தை நிலா மறைக்கும். கோபுரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றால் நிலா அறுபது அடி, அதாவது கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கோபுரம் முழுக்க நிலாவுக்குள் அடங்க வேண்டுமென்றால் ஆறரைக் கிலோமீட்டர் போக வேண்டும். பௌர்ணமி நிலா சாயங்காலம் கிழக்கே எழும்புவதால் நாம் மேற்கே, மலையடிவாரத்துப் பக்கம் போய் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் இப்போது செயலி இருக்கிறது, ஃபோட்டோபில்ஸ் சொல்லிவிடும். எந்தத் தோப்புக்குள், யார் கிணற்று மேட்டில், எந்த நாய் கட்டவிழ்ந்து கிடக்கும் என்பது அதற்குத் தெரியாது. தம்பி போனான். மூன்று பௌர்ணமி போனான். முதல் மாதம் மேகம், இரண்டாம் மாதம் தென்னை மறைத்தது, மூன்றாம் மாதம் நிலா சரியாக வந்தபோது பேட்டரி போய்விட்டது. அந்த இடத்தை அவன் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியை வைத்து எங்கள் பெஞ்சில் ஒரு நிரந்தர வழக்கும் ஓடுகிறது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முத்திரை 1949-ல் வந்தது. அதே வருஷம் சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியாக, அப்போது அந்தப் பதவிக்கு அதுதான் பெயர், வந்து உட்கார்ந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. பிறகு கேட்கவா வேண்டும்? ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாக அவரே சொன்னதாகவும் பதிவு உண்டு. ஒருநாள் மில்காரர் ஒரு போடு போட்டார்: "முத்திரையில மலை இல்லையே. நம்ம கோபுரம்னா பின்னால மலை விழுந்திருக்கணும்ல?" வாத்தியார் விடுவாரா? "கிட்டக்க நின்னு வரைஞ்சிருந்தா மலை எப்படிய்யா விழும்?" வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. மாநிலத்தின் முத்திரை பற்றிய தகராறு, வரைந்தவர் எங்கே நின்றார் என்ற இடத்தில் வந்து முட்டுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த ஒரு படம் உண்டு. நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், அதன் கல்லறைச் சிலுவைகள், மேலே நிலா. கறுப்பு வெள்ளைப் படங்களில் ரொம்பப் பேசப்பட்டவற்றில் ஒன்று. அவர் தேதி குறித்து வைக்கவில்லை, வருஷத்தையே மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் வானவியல்காரர் ஒருவர் நிலாவின் இடத்தை வைத்துக் கணக்கிட்டு 1941 அக்டோபர் 31 என்றார். அதில் திருப்தியில்லாத இன்னொருவர் கணக்கைத் திரும்பப் போட்டார். நேரில் போய்ப் பார்த்தபோது ஆடம்ஸ் நின்றது இப்போதைய சாலையில் இல்லை, கொஞ்சம் தள்ளி ஓடிய பழைய சாலையின் ஓரம் என்றும் தெரிந்தது. சரியான தேதி நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடிந்தது. எடுத்தவரே மறந்த தேதியை அவர் நின்ற இடமும் நிலாவும் சேர்ந்து சொல்லிவிட்டன. நான் இதைச் சொன்னபோது லேப்காரர், "கால் தடத்தை வச்சுக் களவாணியப் பிடிக்கிற மாதிரி" என்றார்.

லேப்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஊர் முழுக்க எடுத்த நெகட்டிவெல்லாம் அவர் கைவழியாகத்தான் போனது. முப்பத்தாறு படமுள்ள ரோல். கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் முடிந்து கடைசியில் நாலு பிரேம் மிச்சமிருக்கும். அந்த நாலு பிரேமில்தான் இந்த ஊரில் பல பேருக்குக் கலை தொடங்கியது. வாசல் கோலம், உறங்குகிற பூனை, மலைமேல் மேகம், ஆள் அடையாளம் தெரியாத ஒரு சூரியாஸ்தமனம். நானும் அப்படித்தான். மாமா வைத்திருந்த ஆக்ஃபா கிளிக் த்ரீயில் பன்னிரண்டே படம். அதில் ஊட்டித் தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டு, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, இரண்டு படம் எடுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரு அமுக்கு அமுக்கினால் எவ்வளவு காசு என்று தெரிந்த விரல் அது. அந்த இரண்டு படத்துக்கும் எந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தேன் என்று இன்றைக்கும் என்னால் காட்ட முடியும். போன வாரம் எடுத்த எழுநூறு படத்துக்கு முடியாது.

லேப்காரர் ஒருமுறை சொன்னது: "அய்யனார் அருவிப் படம் ஆயிரம் ரோலு கழுவியிருப்பேன். அத்தனையும் ஒரே பாறையில நின்னு எடுத்ததுதான். குளிச்சிட்டு ஏறினா கால் தன்னால போய் நிக்கிற பாறை அது. ஒரே ஒரு ரோலு மட்டும் வேற பக்கமிருந்து வந்துச்சு. யாருன்னு கேட்டேன். காலு நடக்க வராத பையன், பாதிவழியில உக்கார வச்சுட்டுப் போயிருக்காங்க. அவன் உக்காந்த இடத்துலருந்து எடுத்திருக்கான். அருவி பாதிதான் தெரியுது, மிச்சம் பூராம் ஏறிப் போறவுக முதுகு." அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அய்யனார் அருவி என்றதும் எனக்கு மனசில் வருவது அதுதான்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. வெள்ளை. ராஜபாளையம் நாய் பால்வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நாலு தபால்தலையில் ஒன்று இதற்குத்தான். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. வெளுத்த துணியை வெயிலில் காயப்போட்டிருந்தால் பனி பெய்தது போல இருக்கும். கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு உலகம் பூராவும் சாம்பல் நிறம் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளை நாயைக் காட்டினால், 'அடேயப்பா வெளிச்சம்' என்று பயந்து இருட்டடித்துவிடும். நாய் சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி விழும். அதை நம்பாமல் ஒரு ஸ்டாப், ஒன்றேகால் ஸ்டாப் கூட்ட வேண்டும். கூட்டினால் முதுகு எரிந்துபோய் ரோமம் தெரியாது, வெட்டவெளியாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை இருக்கிறது. உச்சிவெயிலில் அது கிடைக்காது. காலை ஏழு மணிக்கு, சுவர் நிழலில், நாயின் உயரத்துக்கு மண்டியிட்டு நின்றால் கிடைக்கும். ஆனால் ராஜபாளையம் நாய் அந்நியனை அந்தத் தூரத்துக்கு விடாது. அதனால் படமெடுக்கத் தெரிவதற்கு முன்னால் நாய்க்காரரோடு பழகத் தெரிய வேண்டும், நாலு நாள் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். தம்பி வீட்டுப் பால்கோவா அடுப்படி இன்னும் மோசம். சட்டியில் பால் சுண்டும்போது எழும்புகிற ஆவி லென்ஸில் படிந்து எல்லாம் கனவுக்காட்சியாகிவிடும். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வெளியூரிலிருந்து நிறையப் பேர் கேமராவோடு வந்தார்கள். எல்லோருமே ஆவிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறவருக்கு முதுகுப்பக்கம், சன்னலோரம் நின்றால் ஆவி மேலே போய்விடும் என்று தம்பி ஒருவருக்கும் சொல்லவில்லை. "அவுக கேக்கலையேண்ணே" என்றான்.

சண்டை வராமலும் இல்லை. பெரிய சண்டை வானத்தைப் பற்றி வந்தது. மில்காரர் ஒரு படம் காட்டினார், சஞ்சீவி மலைக்கு மேலே ஊதாவும் ஆரஞ்சுமாகத் தீப்பிடித்த மேகம். அன்றைக்குச் சாயங்காலம் நான் அதே ஊரில்தான் இருந்தேன். வானம் வெறும் வெளுப்பு. 2020 கடைசியில் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றுகிற வசதி வந்தது. பட்டனைத் தட்டினால் யார் தலைக்கு மேலும் எந்த ஊர் மேகத்தையும் கொண்டுவந்து கவிழ்க்கலாம். வாத்தியார் கொதித்துப்போனார். "இது படமே இல்லை, பொய்" என்றார். மில்காரர் சிரித்துக்கொண்டே, "நா நின்னது நிஜம், மலை நிஜம், மேகம் மட்டும் கடன்" என்றார்.

நியாயமாக நான் வாத்தியார் கட்சி. ஆனால் லினியஸ் டிரைப் நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். 1858-ல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் மெழுகிட்ட காகித நெகட்டிவில் எடுத்தவர். தென்தமிழ்நாட்டின் கட்டடங்களை முதன்முதலில் ஒழுங்காகப் படமெடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். அந்தக் காகிதத்தில் வானம் உருப்படியாக விழாது. டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவில் தூரிகையால் மேகத்தைத் தீட்டினார். நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அந்தப் பழைய மதுரைப் படங்கள் சிலவற்றின் மேலே மிதக்கிற மேகம் அவர் கைவேலை. இதைச் சொன்னதும் மில்காரர் எனக்கு ஒரு டீ கூடுதலாகச் சொன்னார். வாத்தியார் இரண்டு வாரம் வரவில்லை. என் கட்சி இன்னும் அவர் கட்சிதான். டிரைப் தன் கையால் தீட்டினார், இவர் எவனோ ஒருவன் நின்ற இடத்தின் வானத்தை இரவல் வாங்கினார். இது பெரிய வித்தியாசமா என்று கேட்டால், எனக்குப் பெரிய வித்தியாசம்தான்.

கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாத இடங்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயம் 1988-ல் வந்தது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது, நாட்டில் 51-ஆவது. செண்பகத்தோப்புப் பக்கம் ஓடையோரத்து மரங்களில், கிளைக்குக் கிளை தாவி, தரைக்கு வராமலே காலம் தள்ளுகிற ஜீவன் அந்த அணில். மரக்கூரை அறுந்தால் அதன் பாதை அறுந்தது. காட்டுக்குள் போய்ப் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அணில் படத்தோடு யாராவது வந்தால் எங்கள் பெஞ்சில் "என்ன லென்ஸ்?" வரும், "ஐஎஸ்ஓ?" வரும். அடுத்த கேள்வி வராது. டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம்.

இந்த அடக்கம் எனக்குச் சும்மா வந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்மாய்க்கரையில், மொட்டையாகிப்போன பனைமரத்துப் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இரண்டு குடியிருந்தன. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒன்று தலையை நீட்டும், கொஞ்ச நேரத்தில் மற்றது. ஒரு மாதம் போய் உட்கார்ந்து நல்ல படம் ஒன்று எடுத்தேன். பெருமை தாங்கவில்லை. வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார், சொன்னேன். அவர் யாரிடம் சொன்னாரோ, அடுத்த ஞாயிறு எட்டுப் பேர். அதற்கடுத்த வாரம் மறைக்கிறது என்று பக்கத்து வேலிமரக் கிளையை யாரோ ஒடித்துப் போட்டிருந்தார்கள். இருட்டிய பிறகும் பிளாஷ் அடித்தார்கள் என்று ஆடு மேய்க்கிறவர் சொன்னார். மூன்றாவது வாரம் போனபோது பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது மைனா. அந்த ஆந்தைப் படத்துக்கு எனக்கு ஒரு சான்றிதழ்கூட வந்தது. வீட்டில் எங்கோ கிடக்கிறது.

ஆள் வாயைத் திறக்காவிட்டாலும் இப்போது படமே சொல்லிவிடுகிறது. போனில் எடுத்த படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், "குவாலிட்டி போகுது, டாக்குமென்டா அனுப்புங்க" என்று கேட்பவருக்கு அப்படியே அனுப்பினால் இடமும் சேர்ந்தே போய்விடும். உலகமெங்கும் இயற்கை ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அருகிவருகிற உயிரினத்தின் இடத்தை வேண்டுமென்றே கலைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2023-ல் இதே புலிகள் காப்பகத்தின் மேகமலைப் பகுதியிலிருந்து வெள்ளிக்கோடு ஓடும் சிறகுடைய பட்டாம்பூச்சி இனம் ஒன்று புதிதாக அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 33 வருஷத்துக்குப் பிறகு புது இனம். தேனியைச் சேர்ந்த வனம் அமைப்புக்காரர்கள் அதில் ஈடுபட்டவர்கள். ஒரு பூச்சி புது இனம் என்று நிற்பதற்கு அதன் சிறகு மட்டும் போதாது, எங்கே, எந்த உயரத்தில், எந்த மாதத்தில் என்று இருக்க வேண்டும். இடம் தெரியாத பட்டாம்பூச்சிப் படம் சிவகாசிக் காலண்டருக்குத்தான் ஆகும். எனவே குறித்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், யாரிடம் சொல்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே செய்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பேர் வைத்துக்கொண்டு காடு காடாக அலைந்தவர். 1950-லிருந்து 1996-ல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார். அவர் யானையைத் தனியாகப் பிய்த்து எடுக்கமாட்டார், அது நிற்கிற காட்டோடு சேர்த்து எடுப்பார். எங்கள் தம்பி மாதிரி ஆட்கள் பின்புலத்தை எல்லாம் வெண்ணெயாக உருக்கிவிட்டு அணிலை மட்டும் துருத்திக் காட்டும்போது எனக்குக் கிருஷ்ணன் ஞாபகம் வரும். சொன்னால், "பேக்ரவுண்டு கிளீனா இருந்தாத்தாண்ணே லைக் விழும்" என்கிறான். அதுவும் சரிதான், இடம் தெரியாமல் போவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

கோயிலுக்குள் இப்போது எங்களுக்கு வேலையில்லை. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை சொன்ன பிறகு எல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆண்டாள் கையில் தினமும் இலையால் புதிதாகச் செய்து வைக்கிற கிளி, மறுநாள் இல்லாமல் போவதற்காகச் செய்யப்படுவது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதும். ஆனால் ஆடிப்பூரத் தேர் வீதிக்கு வருகிறதே. அன்றைக்கு எங்கள் கூட்டம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வீதியில் நின்றால் தலைகள்தான் விழும். மொட்டைமாடி வேண்டும்.

எனக்கு ஒரு மாடி உண்டு. பன்னிரண்டு வருஷமாக அதே வீடு. முதல் தடவை கூச்சத்தோடு, "அம்மா, மாடிக்குக் கொஞ்சம் ஏறிக்கிறட்டுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா கேமராப் பையைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள். "ஏறிக்கங்க தம்பி. செருப்பக் கீழ விட்டுருங்க. கைப்பிடிச் சுவத்துல சாயாதீக, பழைய சுவரு." மேலே போனால் அவர்கள் வீட்டுச் சனமே இருபது பேர், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கொடியில் காயப்போட்ட சேலை, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் பானகம். சேலையை ஒதுக்கி எனக்கு ஒரு முழம் இடம் விடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் வடம் பிடித்த கூட்டம் முழுக்கத் தெரியும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்து நிமிர்வது தெரியும். தேர், அதற்கப்பால் கோபுரம், அதற்கும் அப்பால் ஆடிக்காற்று தள்ளிக்கொண்டு வந்த மேகம் இறங்கிய மலை. பன்னிரண்டு வருஷத்தில் நாலு நல்ல படம் தேறியிருக்கும். பெஞ்சில் அந்தப் படங்களைப் பார்த்து, "எங்கன நின்னு எடுத்தீக?" என்று கேட்காத ஆளில்லை. நான் சொன்னதுமில்லை. இன்னொரு ஆளுக்கு அங்கே இடம் இல்லை என்பது ஒரு காரணம்.

ஒவ்வொரு வருஷமும் அந்த அம்மா, "போன வருஷம் எடுத்த படம் எங்க தம்பி?" என்று கேட்பார்கள். கொண்டுவருகிறேன் என்பேன். பன்னிரண்டாவது வருஷம் வெட்கம் பிடுங்கித் தின்று, இருப்பதில் சிறந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமும் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்கள். தேரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு விரலால் படத்தின் நாலு ஓரத்தையும் தடவித் தேடினார்கள்.

"இதுல எங்க வீடு எங்கன இருக்கு?"

உங்க வீட்டிலிருந்து எடுத்ததம்மா, அதனால் வீடு தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "சரி தம்பி" என்றார்கள்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு நான் மாடி ஏறவில்லை. கூட்டத்துக்குள் எதிர்ச்சாரித் திண்ணை ஒன்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அந்த வீட்டை எடுத்தேன். வெயில் எதிரே இருந்தது, படம் கொஞ்சம் வெளுத்துவிட்டது, என் தோளை யாரோ இடித்ததில் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் நெடுக அவர்கள் வீட்டுச் சனம் தேரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஓரத்தில் கொடிச் சேலை, அந்த அம்மா கும்பிட்டபடி. கூடத்துச் சுவரில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம். அதில் தேர் இல்லை.